பழைய கணினியின் தொடக்க முறை

ஏரிப் பாசனத்தை அறிந்த உழவர்களுக்கு ‘முறை’ என்னும் சொல்லை நாம் விளக்க வேண்டுவதில்லை. மதகு திறந்ததும் எந்த வயலுக்கு முதலில் நீர், எதற்கு அடுத்தபடி என வகுத்து வைத்திருப்பதே முறை. முறை தவறினால் ஏரி நிறைந்திருந்தும் கடைமடை காயும். இன்று சென்னைக்குக் குடிநீர் வழங்கும் செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கன அடி நீர் கொள்ளும் பேரேரி. எனினும் மதகும் முறையும் இன்றி அதனால் ஒரு குடமும் நிறையாது. சங்க அலுவலகத்து மேசைமீதுள்ள கணினிக்கும் இத்தகையதொரு முறை உண்டு. அதனை அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

கணினி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1904-ஆம் ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் சென்னை மாகாணத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு பெற்ற காலத்தில், கணக்கு யாவும் பேரேட்டில் இருந்தது. பேரேடு நனைந்தாலும் கிழிந்தாலும் கண்ணுக்குத் தெரியும். இன்றோ உழவர் பெற்ற பயிர்க்கடனும், நெசவாளருக்கு வழங்கிய நூலின் கணக்கும், கூலிப் பட்டியலும் கணினியின் வன்தட்டில் உறைகின்றன. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. புதிய இயந்திரங்கள் வரினும், பழைய ஆண்டுகளின் கணக்கு பழைய இயந்திரத்திலேயே தங்கிவிடுதல் இயல்பு.

அப்பழைய இயந்திரம் ஒருநாள் விண்டோஸைத் திறக்க மறுக்கிறது. பழுது பார்க்க வந்தவர், “எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும்” என்கிறார். இவ்விடத்தில்தான் செயலாளர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். விண்டோஸ் கெட்டது என்பதனால் கணக்கும் கெட்டது என்று பொருளன்று. தறி பழுதானால் பாவை அறுத்தெறிவார் உண்டோ?

நிற்க. மின்விசையை அழுத்தியதும் நிகழ்வது யாது? தாய்ப்பலகையில் உள்ள ‘பயாஸ்’ என்னும் சிறு நிரல் முதலில் விழிக்கிறது. நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதிக்கிறது. பின்னர், இயக்க மென்பொருள் எங்கேயிருக்கிறது என்று, தனக்கு வகுத்துள்ள வரிசைப்படி ஒவ்வொரு கருவியாகத் தேடுகிறது. 1981-இல் வெளிவந்த ஐபிஎம் கணினி முதலில் நெகிழ்வட்டையே தேடிற்று. 1986-இல் தோன்றிய ‘பிரெயின்’ போன்ற நச்சுநிரல்கள் நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் ஒளிந்து பரவியதால், வன்தட்டை முதலில் நிறுத்துவதே காப்பு என்று கருதப்பட்டது. அவ்வாறு வகுத்த கணினியில் பென்டிரைவைச் செருகினாலும் அது திரும்பிப் பாராது. வரிசையை மாற்றினால், பென்டிரைவிலுள்ள லினக்ஸைக் கொண்டே கணினியை எழுப்பி, வன்தட்டிலுள்ள கோப்புகளை வேறோர் இடத்துக்கு நகலெடுக்கலாம். வன்தட்டே உடைந்திராதவரை இவ்வழி பயன்படும்.

செய்முறை வருமாறு. லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவை, கணினி அணைந்திருக்கும்போதே செருகுக. மின்விசையை அழுத்தியவுடன், டெல் கணினியில் எஃப் 2, எச்பி கணினியில் எஃப் 10, லெனோவோ கணினியில் எஃப் 1, பகுதிகளை வாங்கிக் கோத்த கணினியில் பெரும்பாலும் டெலீட் விசையை விட்டுவிட்டு அழுத்துக. தோன்றும் திரையில் ‘பூட்’ என்ற தலைப்பைத் தேடுக. மிகப் பழைய கணினியில் அது ‘அட்வான்ஸ்ட் பயாஸ் ஃபீச்சர்ஸ்’ என்பதனுள் ‘பர்ஸ்ட் பூட் டிவைஸ்’ என்றிருக்கும். சிலவற்றில் பென்டிரைவும் வன்தட்டு வகையிலேயே சேர்க்கப்பட்டிருக்கும். ஆதலின் ‘ஹார்ட் டிஸ்க்’ பட்டியலையும் திறந்து பார்க்க. பென்டிரைவை முதலிடத்துக்கு ஏற்றி, எஃப் 10 அழுத்திச் சேமித்து வெளியேறுக. லினக்ஸ் தோன்றும்போது, நிறுவாமல் இயக்கும் ‘லைவ்’ வகையையே தேர்க. நிறுவும் வகையைத் தேர்ந்தால் வன்தட்டு அழிய நேரிடும்.

விண்டோஸ் 7-இன் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. கணக்கைக் காத்த பின்னர், இயந்திரத்தின் வலிமைக்கேற்ற லினக்ஸ் ஒன்றை நிறுவிக் கடிதப் பணிக்கேனும் அதனைப் பயன்படுத்தலாம். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் தமிழிலும் இயங்குவது, விலையின்றிக் கிடைப்பது.

மாற்றிய வரிசை மறுநாளே பழையபடி ஆகிறதா? தேதியும் பல ஆண்டு பின்னோக்கி நிற்கிறதா? எனில், தாய்ப்பலகையிலுள்ள சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் வில்லை மின்கலம் தீர்ந்தது என்க. சிறு தொகையில் தீரும் இப்பழுதைக் காரணங்காட்டிப் புதிய கணினிக்குத் தீர்மானம் நிறைவேற்றுதல் முறையன்று.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நமக்குத் திறக்கும் வழி பிறர்க்கும் திறக்கும். பென்டிரைவால் எழுப்பிய கணினியில் விண்டோஸின் கடவுச்சொல் காவலாகாது. வன்தட்டு மறையாக்கம் செய்யப்படாவிடில், அங்கத்தினர் கணக்கை எவரும் படிக்கலாம், திருத்தவும் கூடும். ஆகையால் வேலை முடிந்ததும் வன்தட்டை மீண்டும் முதலிடத்தில் நிறுத்தி, பயாஸுக்கே ஒரு கடவுச்சொல் இடுக. அக்கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து, பெட்டகச் சாவியைப் போன்றே காக்க. நகலெடுத்த நாளையும், உடனிருந்த இருவர் பெயரையும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுக. கணினி சங்கத்தினுடையது; அதிலுள்ள கணக்கோ ஒவ்வோர் அங்கத்தினருடைய உழைப்பின் பதிவு. அதனைக் காத்தல் நிர்வாகக் குழுவின் கடமை. காத்தனரா என்று பேரவையில் கேட்டல் அங்கத்தினரின் உரிமை.