இயந்திரத்துள் இயந்திரம் – 17: பதினான்கில் பத்து போதும்

ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியான மெய்நிகர் இயந்திரம் என்பது கடைசியில் வட்டில் கிடக்கும் ஒரு பெரிய கோப்புதான் என்ற இடத்தில் இந்தத் தொடர் சென்ற வாரம் நின்றது. அந்த இயந்திரம், ஓட்டம் நிற்காமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரும் வித்தையை இந்த வாரம் சொல்வதாக வாக்கு. அதற்குள், பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூர் குறுக்கிட்டுவிட்டது.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது அந்தப் பரம்பு. 1876-ல் ஜெர்மானியரான ஃபெடோர் யாகோர் அங்கே தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குக் கப்பலேறின. 1899-ல் தொடங்கி தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. ரீயின் பட்டியல் 1915-ல் அச்சானது. இந்தியத் தொல்லியல் துறை 2004-05-ல் மறுபடி தோண்டியது. அப்போது எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தெரிவிக்கப்பட்டபோது ஆண்டு 2019. இன்று போனால், 2023 ஆகஸ்டில் திறந்த தள அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தரைக்குக் கீழே, கிடந்த இடத்திலேயே முதுமக்கள் தாழிகளைப் பார்க்கலாம்.

பெர்லினில் கொஞ்சம், சென்னையில் கொஞ்சம், மண்ணுக்குள் மீதி. பொருள்கள் மூன்று இடத்தில் இருந்தும் ஒவ்வொன்றுக்கும் பிரதி ஒன்றே ஒன்று. சென்னையில் ஒரு தாழி உடைந்தால் பெர்லின் தாழியை வைத்து அதை மீட்க முடியாது.

கோப்புக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். கூகுள் 2003-ல் விவரித்த அதன் கோப்பு அமைப்பு, எதையும் 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் மூன்று சர்வர்களில் வைத்தது. மலிவான வட்டுகள் செத்துக்கொண்டேதான் இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு கட்டிய அமைப்பு அது. முரட்டுத்தனமான வழி, ஆனால் நம்பகமானது. செலவுதான் இடித்தது: ஒரு பெட்டாபைட்டுக்கு மூன்று பெட்டாபைட் வட்டு, அதற்கான மின்சாரம், அதற்கான குளிரூட்டல்.

சிக்கன வழி 1960-லேயே கணிதத்தில் இருந்தது. 7, 5 என்று இரண்டு எண்கள். பக்கத்தில் கூட்டுத்தொகை 12-ஐ எழுதி வையுங்கள். மூன்றில் எது தொலைந்தாலும் மற்ற இரண்டும் அதைச் சொல்லிவிடும். ரீட், சாலமன் என்ற இருவர் இதைப் பல எண்களுக்கும் பல இழப்புகளுக்கும் விரித்தார்கள். குறுந்தகட்டில் கீறல் விழுந்தும் பாட்டு கேட்டதற்கு அந்தக் கணக்குதான் காரணம். ஃபேஸ்புக் தன் தரவுக் கிடங்கில் பத்துத் துண்டுகளுக்கு நான்கு உபரித் துண்டுகளைச் சேர்த்தது. பதினான்கில் எந்தப் பத்து மிஞ்சினாலும் முழுக் கோப்பும் திரும்பி வரும். மூன்று மடங்கு இடம் 1.4 மடங்காகச் சுருங்கியது. தாங்கக்கூடிய இழப்போ இரண்டிலிருந்து நான்காகக் கூடியது!

இந்த வாரத்தைத் தின்றது இந்தச் சிக்கனத்தின் மறுபக்கம். ஒரு துண்டு போனால் அதைத் திரும்பச் செய்ய வேறு பத்துத் துண்டுகளை முழுசாகப் படிக்க வேண்டும். ஓர் ஓடு உடைந்ததற்குக் கூரையையே பிரிப்பது போல. கே. வி. ரஷ்மியும் சகாக்களும் 2013-ல் ஃபேஸ்புக்கின் ஒரு கிடங்கை அளந்தார்கள். சாதாரணமான ஒரு நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சர்வர்கள் எட்டாமல் போயின. பழுதுபார்க்க மட்டும் நாளொன்றுக்கு 180 டெராபைட்டுக்கு மேல் ஒரு சர்வர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பயணித்தது. இத்தனைக்கும், பாதிப்புகளில் 98 சதவீதத்தில் போனது ஒரே ஒரு துண்டு!

ரஷ்மி படித்த பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் பி. விஜய் குமாரின் குழு இந்தப் பழுதுபார்ப்புச் செலவைக் குறைக்கும் வழியைத் துரத்தியது. 2018-ல் அவர்கள் பிற கூட்டாளிகளுடன் வெளியிட்ட 'கிளே' குறியீடு ஒரு துணிச்சலான யோசனை: குறைந்த சர்வர்களிடம் முழுத் துண்டு கேட்பதை விட, எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் கேட்பது. பதினாறு துண்டு, நான்கு உபரி என்ற அமைப்பில் ஒன்று போனால், பழைய முறையில் பதினாறு முழுத் துண்டுகள் வர வேண்டும். கிளேயில் மிஞ்சிய பத்தொன்பதும் ஆளுக்குக் கால் துண்டு அனுப்பினால் போதும். சோதனையில் வலைப்பின்னல் போக்குவரத்து 2.9 மடங்கு குறைந்தது. செஃப் என்ற திறந்த மூலச் சேமிப்பு மென்பொருளில் 2019-ல் இது சேர்ந்தது, யாருக்கும் இலவசமாக. நம் ஊர் டேட்டா சென்டர் திறப்பு விழாக்களில் மெகாவாட் கணக்கு பேசுகிறார்கள். பெங்களூரின் இந்தக் கணக்கை யாரும் பேசிக் கேட்டதில்லை.

குடிபெயர்ப்பு அடுத்த வாரம், உறுதியாக. அதற்குள், குடும்பப் படங்கள் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கும் வாசகர்கள் இன்னொரு நகல் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.