உங்களுக்குத் தெரியுமா? பீரங்கியை முடக்கிய ஆரணிச் சேறு

பட்டுக்குப் பேர்போன ஆரணி, காலாட்படை, குதிரைப்படை, பீரங்கிப்படை மூன்றும் மோதிய போர்க்களமும்கூட. 1751 டிசம்பரில், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவும் இங்கே மோதினார்கள். ராசா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை. கிளைவுக்கு மராட்டியக் குதிரை வீரர்கள். ஆள்பலம் பிரெஞ்சு அணிக்கே அதிகம். ஆனால் நடுவில் கிடந்ததோ தண்ணீர் தேங்கிய நெல்வயல். சேற்றில் குதிரை திணறும், பீரங்கி வண்டி புதையும். வயலூடே போன மேட்டுப்பாதை ஒன்றுதான் வழி. அதில் நெருக்கியடித்து வந்த பிரெஞ்சு அணியினரைக் கிளைவின் பீரங்கிகள் பக்கவாட்டிலிருந்து சுட்டுத் தள்ளின. வெற்றியில் பாதி அந்தச் சேற்றுக்கே சேர வேண்டும்! தோற்ற பக்கத்துச் சிப்பாய்கள் பலர் அப்புறம் கிளைவின் படையிலேயே சேர்ந்துகொண்டார்கள்.

1782 ஜூனில் ஆரணியருகே மீண்டும் ஒரு போர்: மைசூரின் ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினர். அதே போரின் தொடர்ச்சியாக அடுத்த மாதமே நாகப்பட்டினக் கடலில் பிரெஞ்சு, ஆங்கிலேயக் கப்பற்படைகள் மோதின.

கப்பற்படை என்றதும் இன்னொன்று: ஆரணியைப் போலவே பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஊரான அரக்கோணத்தில் இன்று இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத்தளம் இருக்கிறது. கடலில்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை? நீர்மூழ்கிகளைத் தேடிப் பறக்கும் விமானங்களுக்கு வேண்டியது நீளமான ஓடுதளம்தான்.