நின்று போகும் வண்டியும் நிற்காமல் போகும் வண்டியும்

பட்டணத்திற்குப் போகும் எக்ஸ்பிரஸ் பஸ் நமது தோட்டத்துச் சந்தியில் நிற்பதில்லை. புழுதியைக் கிளப்பிக்கொண்டு அது பறக்கும்போது, “நமக்கு மட்டும் ஏன் இந்த ஊர்ந்து வரும் பஸ்?” என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். வேகமாகப் போக வேண்டியவரும் இருக்கிறார். நடுவழியில் ஏற வேண்டியவரும் இருக்கிறார். இருவருக்கும் எப்படி வழி செய்வது? அமெரிக்காவின் நியூயார்க் நகரம் இதற்குப் பூமிக்கு அடியில் ஒரு விடை கண்டது.

அந்நகரின் பாதாள ரயில் 1904ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் ஓடத் தொடங்கியது. கட்டணம் 5 சென்ட். சுரங்கம் தோண்டும்போதே, பாதையின் பெரும்பகுதியில் நான்கு தண்டவாளப் பாதைகள் அமைத்தார்கள். போவதற்கு இரண்டு, வருவதற்கு இரண்டு. ஒன்றில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் லோக்கல் வண்டி; மற்றதில் முக்கிய நிலையங்களில் மட்டும் நிற்கும் எக்ஸ்பிரஸ். ஒரே பாதையாக இருந்தால், மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட லாரியைப் போல எக்ஸ்பிரசும் ஊர்ந்துதான் போக வேண்டும்.

இன்றும் லெக்சிங்டன் அவென்யூ வழியில் 4, 5 ஆகிய எண்கள் மன்ஹாட்டனில் பகல் நேரத்தில் எக்ஸ்பிரஸ். 6ஆம் எண் லோக்கல். 42ஆவது தெருவிலுள்ள கிராண்ட் சென்ட்ரலை விட்டால் எக்ஸ்பிரஸ் 14ஆவது தெருவில்தான் நிற்கும். லோக்கலோ இடையில் 33, 28, 23 ஆகிய தெருக்களிலும் நிற்கும். எதில் ஏறினாலும் கட்டணம் ஒன்றுதான்.

86ஆவது தெருவில் இருக்கும் ஒருவர் 28ஆவது தெருவிற்கு வேலைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்திற்கு இறங்கி எக்ஸ்பிரஸ் ஏறினால், நடுவே 59ஆவது தெருவில் மட்டும் நின்று கிராண்ட் சென்ட்ரலுக்கு வந்துவிடும். அங்கே ஒரே பிளாட்பாரத்தின் ஒரு பக்கம் எக்ஸ்பிரஸ், மறு பக்கம் லோக்கல். நாலு எட்டு நடந்து வண்டி மாறினால் இரண்டாவது நிறுத்தம் 28ஆவது தெரு. மாறாமல் உட்கார்ந்திருந்தாலோ, இறங்க வேண்டிய இடம் கண்ணெதிரே ஓடி மறையும். 14ஆவது தெருவரை போய், எதிர்த்திசை லோக்கலில் திரும்பி வர வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயமா?

குவீன்ஸ் பகுதியிலிருந்து மன்ஹாட்டனுக்கு வரும் 7ஆம் எண் வழியில் நான்கு பாதைக்கு இடமில்லை, பெரும்பாலும் மூன்றுதான். ஆகவே நடுப்பாதையில், வேலை நாள் காலையில் நகரை நோக்கியும் மாலையில் வீடு திரும்பும் திசையிலும் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. இரண்டுக்கும் எண் 7தான். அடையாளம் என்ன தெரியுமா? எண்ணைச் சுற்றி வட்டம் இருந்தால் லோக்கல். சாய்சதுரம் இருந்தால் எக்ஸ்பிரஸ்.

நள்ளிரவுக்குப் பிறகு நடப்பதுதான் நம் மனத்தைத் தொடுகிறது. அந்நேரத்தில் வண்டிகள் குறைவு. ஆனால் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்ப்பவர்களும் கட்டடங்களைத் துப்புரவு செய்பவர்களும் வீடு திரும்ப வேண்டுமே! அதனால் பகலில் சிறு நிலையங்களைத் தாண்டிப் பறக்கும் 4ஆம் எண் வண்டி, அந்த நேரத்தில் மன்ஹாட்டனில் 6ஆம் எண்ணோடு சேர்ந்து லோக்கலாக எல்லா நிலையங்களிலும் நின்று போகிறது.

உங்கள் பிள்ளைகள் படிப்புக்கோ பிழைப்புக்கோ பெரிய நகரம் எதற்குப் போனாலும் இதைச் சொல்லி அனுப்புங்கள்: வண்டி எவ்வளவு வேகம் என்று பார்ப்பதற்கு முன், நாம் இறங்கும் இடத்தில் அது நிற்குமா என்று பார்க்க வேண்டும்.