கடைமடைக்குத் தண்ணீர்: நடுவில் நிற்கும் தலைமையாசிரியரின் பணி

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. திறந்த செய்தி அன்றே முத்துப்பேட்டைக்கு வந்துவிடும். தண்ணீர் வரப் பல நாள்கள் ஆகும். கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் ஓடி, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் மீண்டும் பிரிந்து, கோரையாறு, பாமணியாறு வழியாக அது வந்து சேர வேண்டும். வழியிலுள்ள மதகுகளை அளவறிந்து திறந்தால்தான் கடைமடை வயல் நனையும்.

கல்வித் திட்டங்களும் இப்படித்தான் பள்ளிக்கு வருகின்றன. கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரையிலும், 2023-24இல் 4, 5ஆம் வகுப்புகளிலும் நடைமுறைக்கு வந்தது. இலக்கை வகுத்தது மாநிலம், நடத்துபவர் வகுப்பாசிரியர். இரண்டுக்கும் நடுவே மதகுபோல் நிற்பவர் தலைமையாசிரியர். அவர் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, ஆணையைத் தம் பள்ளிக்கான வேலையாக மாற்றுவது. சுற்றறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்ததோடு கடமை முடிவதில்லை. ஈராசிரியர் பள்ளி ஒன்றை எண்ணிப் பாருங்கள். தலைமையாசிரியரும் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துக் கற்பிப்பார். அங்கே அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைக் குழந்தைகளும் ஒரே அறையில் இருப்பார்கள். “இந்த வாரம் நம் பள்ளியில் எது மாறப்போகிறது? யார், எந்த நேரத்தில் செய்வது?” என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தால்தான் திட்டம் வகுப்பறைக்குள் நுழையும்.

இரண்டாவது, ஆசிரியரின் கற்பிக்கும் நேரத்தைக் காப்பது. பதிவேடு, செயலிப் பதிவு, பயிற்சி, விழா எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேரும். எது இன்றே தேவை, எது நாளை போதும் என்று பிரித்துச் சொல்வது தலைமையாசிரியர் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் கீழே தள்ளினால், முதலில் காணாமல் போவது அரும்பு நிலைக் குழந்தைக்கான இருபது நிமிடம்தான்.

மூன்றாவது, வகுப்பறையின் உண்மையை மேலே கொண்டுசெல்வது. கடினமானது இதுதான். ஆய்வு நெருங்கும்போது, எழுத்துக் கூட்டவே தடுமாறும் குழந்தையை ‘மலர்’ என்று பதியத் தோன்றலாம். அப்படிப் பதிந்த நொடியில் அந்தக் குழந்தை உதவிப் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது. அடுத்த வகுப்புக்குப் போனாலும் அதே தடுமாற்றத்தோடுதான் போகும்.

பதிவுக்கு முன் ஆசிரியருடன் அமர்ந்து, “இந்த நாலு பேருக்கு எந்த இடத்துல தடைபடுது டீச்சர்?” என்று கேட்டுப் பாருங்கள். “ரெண்டு பேருக்கு மெய்யெழுத்து பிடிபடல சார். மத்த ரெண்டு பேர் நடவு ஆரம்பிச்சதிலிருந்து சரியா வர்றதில்ல” என்று பதில் வரலாம். முதல் இருவருக்குத் தேவை தனிப்பயிற்சி. மற்ற இருவருக்காகப் பெற்றோரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேச வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரிடம் பேசும்போதும் “முடியவில்லை” என்று மட்டும் சொல்லாமல், எத்தனை பேர், எதில் தடை, பள்ளியில் என்ன செய்தோம், மேலிருந்து என்ன தேவை என்று நான்கையும் சொல்லுங்கள். அப்போது அது குறைகூறலாகத் தெரியாது. ஆசிரியப் பயிற்றுநரின் அடுத்த வருகைக்கும் அதுவே வேலைத்திட்டமாகும்.

அணையின் நீர்மட்டம் எவ்வளவு என்று தாளில் படிக்கலாம். கடைமடையில் தண்ணீர் வந்ததா என்பதை வயலில் இறங்கித்தான் பார்க்க வேண்டும். நாளை காலை மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசைக் குழந்தையின் அருகில் அமர்ந்து, ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்து எந்த மதகைத் திறக்க வேண்டும் என்பது அங்கே தெரியும்.