குற்றக் கணக்கும் குடும்பக் கதவும்

நாட்டில் குற்றங்கள் பெருகிவிட்டன என்னும் பேச்சு எங்கும் கேட்கின்றது. நம் சிங்காநல்லூரின் தேநீர்க் கடைகளிலும் ஆலை வாயில்களிலும் இப்பேச்சு எழுந்தால், "வடக்கிலிருந்து ஆட்கள் வந்த பின்புதான் ஊர் கெட்டது" என்று அது முடிவதையும் காண்கின்றோம். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து நம் ஆலைகளிலும் பவுண்டரிகளிலும் வியர்வை சிந்தும் இளைஞர்களுக்கு ஊரார் எழுதும் தீர்ப்பு இது. தீர்ப்பு எழுதுமுன் சான்றுகளைப் பார்ப்பது முறையன்றோ?

நம் நாட்டின் குற்றங்களைப் பற்றிய ஆண்டுக் கணக்கு 1953 முதல் வெளிவருகின்றது. 1986-ல் நிறுவப்பெற்ற தேசிய குற்ற ஆவணக் காப்பகம் இன்று அதனைத் தொகுத்து அளிக்கின்றது. மாநிலங்கள் மக்கள்தொகையில் பெரிதும் வேறுபடுவதால், ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை வழக்குகள் என்னும் விகிதமே ஒப்பிடுவதற்கு உரியது.

அவ்விகிதத்தை நோக்குவோருக்கு முதலில் வியப்பே மிஞ்சும். எழுத்தறிவில் முன்னிற்கும் கேரளம், குற்ற விகிதத்திலும் முன்வரிசையில் நிற்கின்றது! 2022-ல் இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழ் அங்கே லட்சம் பேருக்கு 600-க்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. பீகாரின் விகிதமோ அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அங்ஙனமாயின் பீகார் மக்களைவிடக் கேரள மக்கள் கொடியவர்களா?

விடை காணக் கொலைக் கணக்கைத் தனியே எடுத்துக்கொள்வோம். களவை மறைக்கலாம், அடிதடியைப் பேசி முடிக்கலாம், உயிரிழப்பை மறைப்பது எளிதன்று. ஆகவே கொலைக் கணக்கே ஓரளவு நம்பத் தகுந்தது. 2022-ல் லட்சம் பேருக்குக் கேரளத்தில் 0.9 கொலைகள், ஜார்க்கண்டில் 4.0. பீகாரில் 2.3, நம் தமிழ்நாட்டில் 2.2. பீகாருக்கும் நமக்கும் உள்ள வேற்றுமை இவ்வளவே! நாடு முழுவதையும் நோக்கினால், 1992-ல் ஏறத்தாழ 40,000 கொலைகள் நிகழ்ந்தன. மக்கள்தொகை எவ்வளவோ பெருகிய பின்பும், 2022-ல் அவ்வெண்ணிக்கை 28,522 ஆகக் குறைந்துள்ளது. காலம் கெட்டுவிட்டது என்று பெருமூச்செறிவோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிற குற்றங்களின் கணக்கு, நிகழ்ந்தவற்றின் கணக்கன்று, பதிவானவற்றின் கணக்கேயாகும். 2020-ல் கொரோனாத் தொற்றின்போது ஊரடங்கு ஆணையை மீறியோர்மீது வழக்குகள் குவிந்தன. அரசு அலுவலரின் ஆணையை மீறிய குற்றம் முந்திய ஆண்டில் சுமார் 29 ஆயிரமாக இருந்தது, அவ்வாண்டில் 6 லட்சத்து 12 ஆயிரமாயிற்று. மக்கள் ஓராண்டில் கயவராகிவிட்டனரா? இல்லை. அவ்வாறே, 2012 டிசம்பரில் டெல்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின் நாடு கொதித்தெழுந்தது; சட்டம் திருத்தப்பட்டது. பாலியல் வன்கொடுமை வழக்குகள் 24,923-லிருந்து மறு ஆண்டே 33,707 ஆயின. அதுவரை வாய்மூடி இருந்தோர் பேசத் துணிந்ததே இவ்வுயர்வுக்குப் பெருங்காரணம் எனலாம். வழக்குகள் மிகுவதும் குற்றங்கள் மிகுவதும் ஒன்றல்ல என்று காப்பகமே எச்சரிக்கின்றது.

நிற்க. இக்கணக்கு நம் இல்லங்களைப் பற்றி என்ன சொல்கின்றது?

2019-21-ல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வில் பெண்களிடம் தனிமையில் கேட்டறிந்தனர். தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்செயலுக்கு ஆளானவர்கள் என்று தெரிய வந்தது. கேரளத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர். இனி வழக்குகளைப் பாருங்கள். கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமைக்காக 2021-ல் கேரளத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் வழக்குகள் பதிவாயின. அதைப்போல் இரு மடங்கு மக்கள் வாழும் தமிழ்நாட்டிலோ அவை ஆயிரத்தை எட்டவில்லை. அடி இங்கே மிகுதி. வழக்கு அங்கே மிகுதி! நம் மாநிலத்தின் அமைதியில் ஒரு பகுதி, அடிபட்ட பெண்களின் மௌனமே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? வன்செயலுக்கு ஆளான இந்தியப் பெண்களுள் எவரிடமாவது உதவி நாடியவர்கள் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே என்றும் அவ்வாய்வு கூறுகின்றது.

இம்மௌனத்தை வளர்ப்பவர் யார்? "பொறுத்துப் போ, குடும்ப மானம் போய்விடும்" என்னும் மாமியார். "இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிட்டோம்" என்று மனநிறைவு கொள்ளும் ஊர்ப் பெரியவர். முதல் தகவல் அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பும் காவல் அலுவலர். தண்டனைக்குரிய பெருங்குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. கணவன் மனைவி தகராறுகளில் முதனிலை விசாரணைக்கு அது இடமளித்ததேயன்றி, தட்டிக் கழிக்க இடமளிக்கவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தின்படி, குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

பெண்கள் அச்சமின்றிப் படியேற வேண்டும் என்றே 1973-ல் கோழிக்கோட்டிலும், 1992-ல் சென்னையிலும் மகளிர் காவல் நிலையங்கள் தோன்றின. 181 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தாலும் பெண்களுக்கு உதவி கிடைக்கும். இவ்வெண்ணை நம் பெண்மக்கள் மனப்பாடமாக அறிந்திருத்தல் நலம்.

வெளியூர்த் தொழிலாளரைப் பற்றியும் ஒரு சொல். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவின. அச்சத்தால் பலர் ஊர் திரும்பினர். பீகார் அரசின் குழுவே நேரில் வந்து விசாரிக்க நேர்ந்தது. நம்மைக் கொடியவர் என அவர்கள் நம்பியதும், அவர்களைக் கள்வர் என நாம் நம்புவதும் ஒரே பிழையின் இரு முகங்களே. அவர்களுள் ஒருவன் தன் கூலி பறிக்கப்பட்டதாகப் புகார் கொடுக்கச் சென்றால், மொழி தெரியாத அவனுக்குத் துணையாக உடன் செல்வோர் நம்முள் எத்தனை பேர்?

ஆகவே, நம் ஊரில் வழக்குகள் குறைவு என்று எவரேனும் பெருமை பேசினால், உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அடிபட்ட பெண்ணும், ஏமாற்றப்பட்ட கூலியாளும் இங்கே புகார் கொடுக்க முடிகின்றதா என்று கேட்போம். முடியும் என்ற பதில் கிடைத்த பின் மகிழலாம்.