வோர்லான்கள்: மறைந்திருந்து ஆண்ட இனம்

‘பாபிலோன் 5’ தொடரின் தொடக்கப் படத்திலேயே வோர்லான் இனத்தின் தூதர் வந்துவிடுகிறார். ஆனால் அவருடைய உண்மை உருவம் என்ன என்று சொல்லத் தொடர் அவசரப்படுவதே இல்லை. வோர்லான்கள் ஏன் ஒளிந்திருக்கிறார்கள், அந்த மறைவு கதையில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், தொடர் எதைப் பற்றியது என்பதும் விளங்கிவிடும். கதையின் பெரிய திருப்பங்கள் இங்கே வருகின்றன. தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால், பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதைக்களம்

ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி உருவாக்கிய அமெரிக்கத் தொடர் இது. தொடக்கப் படம் 1993-இல் வந்தது. 1994 முதல் 1998 வரை ஐந்து சீசன்கள், 110 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின. ஐந்து ஆண்டுக் கதையையும் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொண்டு எழுதத் தொடங்கியவர் அவர். அதனால் வோர்லான் மர்மத்துக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு விடை இருந்தது.

கதை நடப்பது 23-ஆம் நூற்றாண்டில். எப்சிலான் 3 என்ற கோளைச் சுற்றிவரும் பெரிய விண்வெளி நிலையம்தான் பாபிலோன் 5. மனிதர்கள், மின்பாரி, நார்ன், சென்டாரி, வோர்லான் ஆகிய ஐந்து வல்லரசுகளும் போரைத் தவிர்க்க அங்கே கூடிப் பேசுகின்றன. மற்ற தூதர்கள் சண்டை போடுகிறார்கள், குடிக்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள். வோர்லான் தூதர் கோஷ் மட்டும் பெரும்பாலும் மௌனமாக நிற்கிறார்.

கண்ணுக்குத் தெரிவது

தெரிவதெல்லாம் ஒரு கவச உடை. அகன்ற தோள், தலைப்பகுதியில் கண்போல விரிந்து சுருங்கும் ஒரு துளை. பேசும்போது முதலில் இசைபோன்ற ஒலி எழும். பின்னால் இரண்டு மூன்று சொற்களில், விடுகதை மாதிரி ஒரு பதில் வரும். அவர் தங்கும் அறையில் மனிதர்கள் சுவாசிக்க முடியாத காற்று. அவருடைய கப்பலுக்கு உயிர் உண்டு. வோர்லான் எல்லைக்குள் போன மனிதக் கப்பல் எதுவும் திரும்பியதில்லை.

தொடக்கப் படத்தில் கோஷுக்கு ஒருவன் விஷம் வைக்கிறான். சிகிச்சைக்காக உடையைத் திறந்தே ஆக வேண்டிய நிலை. உள்ளே இருப்பதைப் பார்ப்பவர் டாக்டர் பெஞ்சமின் கைல். கோஷின் மனத்தைத் தொட்டுப் படிப்பவர் லிட்டா அலெக்சாண்டர் என்ற டெலிபதி ஆற்றல் கொண்ட பெண். கைல் கண்டதைக் கேமரா நமக்குக் காட்டுவதில்லை.

ஒளியுருவம்

இரண்டாம் சீசனின் கடைசி அத்தியாயத்தில்தான் திரை விலகுகிறது. நிலையத் தளபதி ஜான் ஷெரிடன் பயணம் செய்யும் ரயில்பெட்டியில் குண்டு இருக்கிறது. அவர் வெளியே குதித்து, நிலையத்தின் நடுவெளியில் மிதந்தபடி தரையை நோக்கிப் போகிறார். மோதினால் மரணம். அப்போது கோஷ் உடையைவிட்டு வெளியேறி, ஒளிரும் சிறகுகளோடு பறந்துவந்து அவரைத் தாங்குகிறார்.

மனிதர்களுக்கு அது தேவதையாகத் தெரிகிறது. நார்ன்களும் மின்பாரிகளும் திராசி என்ற இன்னொரு இனத்தவரும் அவரவர் மரபின் புனித உருவத்தைக் காண்கிறார்கள். சென்டாரி தூதர் லண்டோ மட்டும், தான் எதையும் பார்க்கவில்லை என்கிறார்.

முதல் பார்வைக்கு இது மெய்சிலிர்க்க வைக்கும் காட்சி. ஆனால் இத்தனை இனங்களின் கடவுளரும் எப்படி ஒரே ஆளின் உருவத்தில் வந்து நிற்க முடியும்? வோர்லான்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இளைய இனங்களின் உலகங்களுக்குப் போய்வந்திருக்கிறார்கள். தங்களைக் கண்டால் வணங்கும்படி அவர்களைப் பழக்கியிருக்கிறார்கள். டெலிபதி ஆற்றலை விதைத்தவர்களும் அவர்களே. ‘ஷேடோ’ என்ற எதிரி இனத்தோடு போர் வரும்போது அந்த ஆற்றல் ஆயுதமாகப் பயன்பட வேண்டும் என்பது திட்டம்.

இரண்டு பாதுகாவலர்கள்

வோர்லான்களும் ஷேடோக்களும் பேரண்டத்தின் மிகப் பழைய இனங்கள். இளையவர்களை வளர்ப்பது இருவருக்கும் பொறுப்பு. வோர்லான்கள் ஒழுங்கையும் கீழ்ப்படிதலையும் கற்பித்தார்கள். ஷேடோக்கள் போரையும் குழப்பத்தையும் தூண்டி, பிழைத்தவர் வளரட்டும் என்றார்கள். நாளடைவில் பொறுப்பு மறந்தது, யார் சொன்னது சரி என்ற பிடிவாதம் மட்டும் மிஞ்சியது.

நான்காம் சீசனில் அதன் விலை தெரிகிறது. ஷேடோக்களின் சுவடு பட்ட கோள்களை, அங்கே வாழும் மக்களோடு சேர்த்து, வோர்லான் படை அழிக்கத் தொடங்குகிறது. தேவதைகள் என்று நம்பியவர்கள் கொலைக்கருவிகளோடு வருகிறார்கள். அதே காலத்தில், கோஷுக்குப் பின் வந்த இரண்டாவது வோர்லான் தூதர் உடையிலிருந்து வெளிப்படும்போது சிறகும் இல்லை, மனிதச் சாயலும் இல்லை. முறுக்கிச் சீறும் ஒளிப்பிழம்பு மட்டும்தான். தேவதை உருவம் நமக்காகப் போட்ட வேடம் என்பது அங்கே உறுதியாகிறது.

கோஷ் வேறுபடும் இடம்

இந்த இனத்தில் கோஷ் ஒருவரையே நாம் நெருங்கி அறிகிறோம். மூன்றாம் சீசனில், ஷேடோக்களை எதிர்க்க வோர்லான்கள் வெளிப்படையாக வர வேண்டும் என்று ஷெரிடன் அவரிடம் வற்புறுத்துகிறார். கோஷ் கடுமையாக மறுத்து, கடைசியில் இணங்குகிறார். அதற்குப் பழிவாங்க ஷேடோக்கள் அவரைக் கொல்கிறார்கள். சாகும் நேரத்தில் ஷெரிடனின் கனவில் அவருடைய தந்தையின் உருவில் வந்து, ஷெரிடன் சொன்னதே சரி என்றும், தான் பயந்திருந்ததாகவும் ஒப்புக்கொள்கிறார். அப்போதும் அவர் வேறொருவர் முகத்தில்தான் வருகிறார். ஆனால் இந்த முறை அந்த முகம் அடிபணிய வைக்க வரவில்லை, மனத்தைத் திறந்து பேச வந்திருக்கிறது. தொடரில் வோர்லான் ஒருவர் நம்மிடம் மிக நெருங்கி வரும் தருணம் இதுதான்.

முடிவு

கொரியானா 6 கோளருகே இரு படைகளும் மோதும்போது, ஷெரிடனும் மின்பாரி தூதர் டெலெனும் இரு தரப்பையும் பேசவைக்கிறார்கள். அந்த இறுதிச் சந்திப்பிலும் வோர்லான்கள் பனிக்கட்டிக்குள் உறைந்த ஒரு பெண்ணின் தோற்றத்திலேயே பேசுகிறார்கள். இளைய இனங்கள் யார் பக்கமும் சேர மறுக்கின்றன. பின்பற்ற ஆளில்லாத இரு பாதுகாவலர்களும் நம் விண்மீன் மண்டலத்தைவிட்டே போய்விடுகிறார்கள்.

வேற்றுக்கிரக மர்மத்தைச் சுவைக்காக மட்டும் பயன்படுத்தும் கதைகள் நிறைய உண்டு. ஸ்ட்ராசின்ஸ்கி அதை அதிகாரத்தின் கருவியாகக் காட்டினார். பார்வையாளர்களான நாமும் இரண்டு சீசன்கள் கோஷின் மௌனத்தை ஞானம் என்றே எடுத்துக்கொள்கிறோம். அப்படி நம்பியது நம்முடைய பழக்கம்தான் என்பதைப் பிறகு தொடரே எடுத்துக்காட்டுகிறது. யார் என்றே சொல்லாத ஒருவர் நமக்கு நல்லது எது என்று முடிவெடுக்கும்போது, அவரிடம் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. வோர்லான்களின் கதை அந்த உரிமையைப் பற்றியது.