நண்பர்கள் போட்ட சீட்டுக் கணக்கு!

சீட்டில் ஜெயிப்பது அதிர்ஷ்டமா? “இல்லை, கணக்கு!” என்று காட்டியது ஒரு நண்பர் கூட்டம்.

அமெரிக்காவில் சூதாட்ட விடுதிகள் நிறைந்த நகரம் லாஸ் வேகாஸ். அங்கே ‘பிளாக்ஜாக்’ என்று ஓர் ஆட்டம். 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்க வேண்டும்.

சின்னச் சீட்டுகள் வெளியே போய்விட்டால், கட்டில் பத்து, ராஜா, ராணி, ஆஸ் மிச்சம் இருக்கும். அது ஆடுகிறவருக்குச் சாதகம். 1962-ல் இதைப் புத்தகமாக எழுதினார், கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப்.

ஆனால், சீட்டை எண்ணுகிறவர் திடீரென்று பந்தயத்தை உயர்த்தினால் விடுதிக்காரர்கள் விடுவார்களா? வெளியே அனுப்பிவிடுவார்கள்!

1970-களில் ஆல் பிரான்செஸ்கோ என்பவர் ஒரு தந்திரம் செய்தார். நண்பர்கள் மேஜைக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். சிறு தொகை கட்டி, சீட்டை எண்ணினார்கள். நல்ல நேரம் வந்ததும் சைகை! பணக்காரர் போல உலாவிய ஒருவர் வந்து பெருந்தொகை கட்டினார்.

பணம் சேர்ந்தது. ஒருவர் வாய் திறந்தால் எல்லாம் போச்சு!

திறந்தவர் கென் உஸ்டன். பங்குச் சந்தையில் பெரிய பதவியில் இருந்தவர். அவரைக் கூட்டத்தில் சேர்த்ததே பிரான்செஸ்கோதான். 1977-ல் உஸ்டன் ரகசியத்தைப் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார்! அது ஊரறிந்த சங்கதி ஆயிற்று.

சீட்டை எண்ணத் தெரிந்தது. நண்பனின் மனத்தை எண்ணத் தெரியவில்லை!